அஜ்ஜி வீட்டு டிரங்குப் பெட்டியும் டாட்டா இன்ஸ்டிட்யூட் புத்தகங்களும்

ஆணி குறைவாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை மதியம். பொட்டி தட்டும் தமிழர்கள் நாலு பேர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பேச்சு எங்கெங்கோ போகும். விசா, வீட்டுக் கடன், ஊரில் அப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று சுற்றி வந்து, கடைசியில் எந்த போன் நல்ல போன் என்பதில் நிற்கும். அன்றைக்கு ஒருவனுடைய போன் இடம் இல்லை என்று அழுதுகொண்டிருந்தது. பெண் பிறந்ததிலிருந்து எடுத்த எட்டு வருஷப் படங்கள். எதை அழிப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் மேகத்துல போட்டுட்டு நிம்மதியா இருடா" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"மேகம்னு ஒண்ணும் கிடையாது மச்சி, அது இன்னொருத்தன் கம்ப்யூட்டர்" என்று அந்த அரதப் பழசு ஜோக்கை எடுத்து விட்டான் இன்னொருவன்.

நாலாவது ஆளுக்குத் தகவல் சேமிப்பு சம்பந்தமாகத்தான் வேலை. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அமேசான் 2006 மார்ச்சில் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையைத் தொடங்கியது. அதற்கு அவர்கள் சொல்லும் கணக்கு 99.999999999 சதவீதம். எங்கள் பாஷையில் பதினோரு ஒன்பது. ஒரு கோடி கோப்புகளை அங்கே வைத்தால், பத்தாயிரம் வருஷத்துக்கு ஒரு கோப்பு தொலையலாம். ஒவ்வொரு கோப்பும் தனித்தனிக் கட்டடங்களில் பிரித்து வைக்கப்படுகிறது, ஒரு டிஸ்க் செத்தால் மற்றவற்றிலிருந்து தானாகவே மறுபடி உருவாகிவிடும், உன் வீட்டு ஹார்ட் டிஸ்க்குக்கு இந்த யோக்கியதை உண்டா என்று கேட்டான். நியாயமான கேள்வி. யாரும் வாயைத் திறக்கவில்லை.

கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கு டிஸ்க் கெட்டுப்போவதைப் பற்றியது. பொருள் பத்திரமாக இருந்தும் கதவு சாத்தப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதில் ஒன்பது எதுவும் இல்லை. இதற்கு உதாரணம் தேடி நான் அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ போகப்போவதில்லை. நான் வளர்ந்த ஸ்ரீராம்புரத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளியே ஒன்று நடந்திருக்கிறது.

பெங்களூர் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன். மல்லேஸ்வரத்துக்குக் கீழ்ப்பக்கம், ரயில் பாதையை ஒட்டி நெருக்கிக்கொண்டு இருக்கும் பேட்டை எங்களுடையது. மில் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற இடம். ராஜா மில் இருந்த இடத்தில் இப்போது மந்திரி மால் நிற்கிறது. 2014 மார்ச்சிலிருந்து எங்கள் பேட்டைப் பெயரிலேயே மெட்ரோ நிலையம் உண்டு. அங்கிருந்து மல்லேஸ்வரத்தைத் தாண்டிப் போனால் இந்திய அறிவியல் கழகம் வரும். 1909-ல் தொடங்கியது. ஆனால் எங்கள் ஏரியாவில் அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரருக்கே தெரியாது. டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றால்தான் வண்டி கிளம்பும்.

அந்த டாட்டா இன்ஸ்டிட்யூட்டை மையமாக வைத்து இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு பெரிய காரியம் ஆரம்பித்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராஜ் ரெட்டி என்று ஒரு பேராசிரியர். சித்தூர் மாவட்டத்துக் காட்டூர்க்காரர், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், 1994-ல் கணினித் துறையின் பெரிய விருதான டூரிங் விருது வாங்கியவர். பத்து லட்சம் புத்தகங்களை ஸ்கேன் செய்து உலகத்துக்கே இலவசமாக இணையத்தில் வைத்துவிட வேண்டும் என்பது அவரும் அவருடைய சகாக்களும் கண்ட கனவு. ஸ்கேனர்களுக்கு அமெரிக்கப் பணம், ஆட்களுக்கு இந்திய அரசின் பணம், சீனாவிலும் எகிப்திலும் இதே வேலைக்கு மையங்கள். இந்தியப் பக்கத்தை அறிவியல் கழகத்தின் பேராசிரியர் என். பாலகிருஷ்ணன் முன்னின்று நடத்தினார். 2003 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தளத்தைத் தொடங்கி வைத்தார். பெயர், இந்திய மின் நூலகம். கணினிக்காரர்கள் வாயில் டிஎல்ஐ.

நாடு முழுக்க ஸ்கேன் மையங்கள் முளைத்தன. மேலிருந்து படம் பிடிக்கும் ஸ்கேனர் ஒன்று இருக்கும். அதன் கீழே புத்தகத்தை விரித்து வைத்து, ஒருவர் ஒவ்வொரு தாளாகத் திருப்ப வேண்டும். நாள் முழுக்க இதுதான் வேலை. நாமெல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்து செய்கிற வேலையைவிடச் சலிப்பானது, சம்பளமும் குறைவு. அதனால் விரல் விழுந்த பக்கம், கோணலான பக்கம், தாவிப்போன பக்கம் எல்லாம் இருந்தன. தலைப்பை ஆங்கில எழுத்தில் தட்டியதில் தமிழ்ப் பெயர்கள் பட்ட பாடு தனிக் கதை. ஒரே நூலாசிரியர் பெயருக்கு நாலு எழுத்துக்கூட்டல் இருக்கும். தேடுகிறவன் தட்டியவர் மனசுக்குள் புகுந்து யோசிக்க வேண்டும்.

இவ்வளவு குறை இருந்தும் அங்கே இருந்தவை பொக்கிஷங்கள். 2007 நவம்பரில், எல்லா நாடுகளும் சேர்ந்து 15 லட்சம் புத்தகங்களைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார்கள். அதில் பெரும்பகுதி சீன மொழி. இந்தியப் பக்கத்தில் பல லட்சம். தமிழ்ப் புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. வெள்ளைக்காரன் காலத்து அகராதிகள், மறுபதிப்பே காணாத நாவல்கள், சைவ மடங்கள் போட்ட உரைகள், பழைய பத்திரிகைத் தொகுப்புகள். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு தமிழ்ப் பழம்புத்தகம் தேடுகிற கிறுக்கு பிடித்தவர்களுக்கு (என்னையும் சேர்த்துத்தான்) அது கன்னிமாரா நூலகம் வீட்டுக்கே வந்த மாதிரி.

படிப்பதுதான் கஷ்டம். ஒவ்வொரு பக்கமும் தனிப் படக் கோப்பு. அதைப் பார்க்க உலாவிக்குத் தனியாக ஒரு துணை நிரல் போட வேண்டும். ஒரு பக்கம் திறப்பதற்குள் காப்பி போட்டுக் குடித்துவிடலாம். சர்வர் பாதி நாள் படுத்திருக்கும். பொறுமை இழந்த பொட்டி தட்டிகள் சிலர், பக்கங்களை வரிசையாக இறக்கி ஒரே கோப்பாகக் கட்டித் தரும் சின்னச் சின்ன நிரல்களை எழுதிப் பொதுவில் விட்டார்கள். ராத்திரி ஓட விட்டுத் தூங்கப் போனால் காலையில் ஒரு புத்தகம் தயாராக இருக்கும். அப்போது இதெல்லாம் பொழுதுபோக்காகத்தான் தெரிந்தது.

பிறகு காப்புரிமைத் தகராறு வந்தது. இந்தியச் சட்டப்படி ஓர் எழுத்தாளர் இறந்து 60 வருஷம் வரை உரிமை அவர் குடும்பத்துக்கு. ஸ்கேன் செய்த வேகத்தில் இந்தக் கணக்கை எல்லாரும் பார்க்கவில்லை, உரிமை தீராத நூல்களும் உள்ளே போயிருந்தன. உரிமையாளர்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை, என் தாத்தா எழுதிய புத்தகமாக இருந்தால் நானும் கேட்பேன். ஆனால் சிலவற்றுக்காக மொத்தமும் போனது. 2017 வாக்கில் அந்தப் பழைய தளம் இணையத்தில் இல்லை. நெருப்பு பிடிக்கவில்லை, வெள்ளம் வரவில்லை, டிஸ்க்கும் சாகவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள், அவ்வளவுதான். இருநூறு வருஷத்துக்கு முந்தைய புத்தகமும் போன வருஷம் செத்தவர் புத்தகமும் ஒரே கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டன.

இன்றைக்கும் அவற்றைப் படிக்க முடிகிறதே, எப்படி? இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் தேடினால் கிடைக்கிறதே? அதற்குக் காரணம் கார்ல் மலமூட் என்கிற அமெரிக்கர். அரசாங்கங்கள் மக்கள் பணத்தில் உருவாக்குகிற சட்டம், தரக் குறியீடு போன்றவை மக்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று வழக்கு மேல் வழக்காக நடத்துகிறவர். இந்தியாவில் சாம் பிட்ரோடாவுடன் சேர்ந்து புத்தகமும் எழுதியிருக்கிறார். தளம் போவதற்கு முன்பே அவர் அதிலிருந்து நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களை எடுத்து ஆர்க்கைவில் ஏற்றிவிட்டார். உரிமை குறித்துப் புகார் வந்தவற்றைத் தனியாக நீக்குவது என்று அங்கே வழி இருக்கிறது. ஒன்றுக்காக ஊரையே மூடவில்லை.

நீங்கள் அங்கே ஒரு பழைய தமிழ்ப் புத்தகத்தை எடுத்தால் முகவரிப் பட்டையைக் கொஞ்சம் பாருங்கள். 'இன் புள்ளி எர்நெட் புள்ளி டிஎல்ஐ' என்று ஆரம்பித்து 2015 என்று ஒரு எண் வரும். செத்துப்போன பெங்களூர்த் தளத்தின் முகவரியைத் திருப்பிப் போட்டு அடையாள எண்ணாக வைத்திருக்கிறார்கள். விலாசம் போய்விட்டது, பெயர் மட்டும் புத்தகத்தின் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நமக்கு இது புதுசும் இல்லை. சீவக சிந்தாமணியை 1887-ல் அச்சில் கொண்டுவந்த உ.வே.சா., ஒரே ஒரு ஏட்டை நம்பி உட்காரவில்லை. ஊர் ஊராக அலைந்து பல வீடுகளில், மடங்களில் இருந்த பிரதிகளை ஒப்பிட்டார். எந்த நூலுக்கு நாலு ஊரில் நாலு பேர் படியெடுத்து வைத்திருந்தார்களோ அது பிழைத்தது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் போன 97,000-க்கும் மேற்பட்டவற்றில், வேறு எங்கேயும் பிரதி இல்லாத சுவடிகளும் உண்டு. அந்த வலியைச் சுமக்கும் ஈழத்துக்காரர்கள்தான் 2005-ல் நூலகம் என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் 1992-ல் காலமான பிறகு அவர் சேகரித்தவற்றைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே 1994-ல் நூலகமாக வைத்து, மைக்ரோஃபிலிம் எடுக்க ஏற்பாடு செய்தது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இன்னும் எளிமை. யார் வேண்டுமானாலும் இறக்கி வைத்துக்கொள்ளலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். எத்தனை பேர் வீட்டுக் கணினியில் அந்தக் கோப்புகள் கிடக்கின்றன என்று யாராலும் எண்ண முடியாது. அதனாலேயே அவற்றை மொத்தமாகத் தொலைக்கவும் முடியாது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் யாஹூ குழுமங்கள். மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று நாம் ராத்திரி பகலாகக் குடியிருந்த திண்ணைகள். எழுத்துருச் சண்டை, வெண்பாப் போட்டி, யாரோ ஒருவருடைய முதல் சிறுகதை, எல்லாம் அங்கேதான். 2019 அக்டோபரில் யாஹூ அறிவித்தது, பழைய மடல்களை அழிக்கப்போகிறோம் என்று. கெடு டிசம்பர் 14. கூச்சல் போட்டதும் 2020 ஜனவரி 31 வரை நீட்டினார்கள். 2020 டிசம்பரில் கடையையே மூடினார்கள். முன்கூட்டி இறக்கி வைத்தவர்களிடம் இருப்பதுதான் மிச்சம். திஸ்கி எழுத்துருவில் இருக்கும் அந்த மடல்களை யூனிகோடுக்கு மாற்றும் ஆணியையும் பிடுங்கினால்தான் படிக்க முடியும். அது வேறு சோகம்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைச் சொல்லியாக வேண்டும். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம். நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி வந்தது. பெங்களூரில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்ட நாட்கள் அவை. எங்கள் வீட்டில் அம்மா ஒரு டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டு, இன்ஷ்யூரன்ஸ் பத்திரம், அப்பாவின் மில் காகிதங்கள், அக்காவின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், கல்யாண ஆல்பம் எல்லாவற்றையும் போட்டுப் பூட்டி, ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு வீடு தள்ளி இருந்த கன்னடக்கார அஜ்ஜி வீட்டுக்குக் கொண்டுபோனார். "ஏனூ ஆகல்லம்மா, நம்ம மனேலி இர்லி" என்று அஜ்ஜி அதைத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். ஒன்றும் ஆகாது, எங்கள் வீட்டில் இருக்கட்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். ஒரு மாசம் கழித்துத் திரும்பி வந்தபோது பூட்டு போட்டபடி இருந்தது.

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே, பார்த்தாயா, மனுஷனை நம்பலாம், கம்பெனியை நம்ப முடியாது என்பார்கள். அப்பா அப்படி முடிவு கட்டவில்லை. பெட்டி திரும்பி வந்த வாரமே எல்லாக் காகிதங்களையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்தார். ஒரு செட் கோலார் தங்கவயலில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனது. அஜ்ஜி மேல் சந்தேகமா என்று அம்மா சண்டைக்கு வந்தார். "அஜ்ஜி மேல என்ன சந்தேகம்? அஜ்ஜி வீட்டுலயும் கூரை ஓடுதானே" என்றார் அப்பா. மில்லில் நெசவு பார்த்தவர். நாங்கள் இப்போது பக்கம் பக்கமாக ஆவணம் எழுதி, டேமேஜரிடம் ஒப்புதல் வாங்கிச் செய்கிற காரியம்தான் அது.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி நிறுவனத்துக்கு இதே மாதிரி நேர்ந்தது. ஆறு லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள். கூகிள் மேகத்தில் அமைப்பு செய்தபோது நேர்ந்த ஒரு பிழையால் அவர்களுடைய கணக்கே அழிந்தது. இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி வைத்திருந்தார்கள், ஆனால் இரண்டும் ஒரே கணக்கின் கீழ். கணக்கோடு சேர்ந்து இரண்டும் போயின. வேறொரு நிறுவனத்திடம் தனியாக ஒரு பிரதி வைத்திருந்ததால் தப்பித்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தகவல் மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி டிரைவ் என்ற சேமிப்பு மொத்தமாகக் கருகியது, 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்று வெளிப் பிரதியே எடுக்கவில்லையாம். இவ்வளவு பெரிய சமாசாரத்துக்கு, சித்தப்பா வீடு என்று ஒன்று இல்லை!

ஆர்க்கைவ் மட்டும் என்ன சாசுவதமா என்று கேட்பீர்கள். 2024 அக்டோபரில் அதையும் தாக்கிப் பல நாள் முடக்கிப் போட்டார்கள், மூன்று கோடிக்கும் மேற்பட்ட பயனர் விவரங்கள் திருடு போயின. புத்தகங்கள் தப்பின. எனக்கு முக்கியமான தமிழ்ப் புத்தகங்களை நான் அங்கிருந்தும் இறக்கித்தான் வைத்திருக்கிறேன்.

குடும்பப் படங்களுக்கு வருகிறேன். பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பிரபலமாக்கிய ஒரு கணக்கு உண்டு, மூன்று இரண்டு ஒன்று. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு ஊரில். எங்கள் வீட்டில் மேகத்தில் ஒன்று, இங்கே அலமாரியில் ஒரு ஹார்ட் டிஸ்க், ஸ்ரீராம்புரத்தில் அக்கா வீட்டில் இன்னொன்று. ஊருக்குப் போகும்போது புதுசைக் கொடுத்துவிட்டுப் பழசை வாங்கி வருவேன். அக்கா அதைப் பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறார், எனக்குக் கொஞ்சம் பெருமைதான் :-)

நம்மை மாதிரி வெளியூரில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு சங்கதி இருக்கிறது, அதை யாரும் யோசிப்பதில்லை. 2023 டிசம்பரிலிருந்து, இரண்டு வருஷம் யாரும் உள்ளே நுழையாத தனிநபர் கணக்கை, அதில் உள்ள மடல், படம் எல்லாவற்றோடும் அழிக்கலாம் என்பது கூகிளின் விதி. ஊரில் இருக்கிற அப்பா அம்மாவின் போன் யார் பெயரில்? அதன் கடவுச்சொல் யாருக்குத் தெரியும்? அவர்கள் போன பிறகு அந்தப் போனை யாராவது திறப்பார்களா? அம்மா கோலம் போட்டுவிட்டு எடுத்த படங்கள், பேரப்பிள்ளைகளுக்கு அப்பா பதிவு செய்து அனுப்பிய கதைகள், மூலப் பிரதியெல்லாம் அங்கேதான் கிடக்கும்.

வழி வைத்திருக்கிறார்கள். கூகிளில் 2013-லிருந்து ஓர் அமைப்பு உண்டு. இத்தனை மாசம் நான் வரவில்லை என்றால் இன்னாருக்குத் தகவல் சொல்லு, இதையெல்லாம் அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதி வைக்கலாம். பத்துப் பேர் வரை சேர்க்கலாம். ஆப்பிளில் 2021 டிசம்பரில் இதே மாதிரி வந்தது. பெரியவர்களிடம் இந்தப் பேச்சை எடுப்பதுதான் சங்கடம். உயில் எழுதச் சொல்கிற மாதிரி இருக்கும்.

போன தடவை போயிருந்தபோது எடுத்தேன். அப்பாவின் போனை வாங்கி வைத்துக்கொண்டு, யார் பெயர் போடட்டும் என்று கேட்டேன். "அக்கா பேரு ஒண்ணு, உன் பேரு ஒண்ணு. ஒருத்தர் கையில மட்டும் குடுக்காதே" என்றார். அடுத்தது எத்தனை மாசம் என்று கேட்டது. மூன்று, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு. பதினெட்டு என்று போடப் போனேன்.

"அவ்வளவு நாள் எதுக்குடா? அதுக்குள்ள அந்தப் போனை எவனாவது பழைய இரும்புக்குப் போட்டுடுவான். மூணு போடு" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.